கடைத்தெருவில் அசையாமல் இருந்தவர்கள்

புதிதாகக் கேமரா தூக்கி வந்திருக்கும் உங்களிடம் லென்ஸைப் பற்றியும் லைட்டைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் இருக்கிறது, போனிலேயே கிடைக்கிறது. பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறீர்களே, அந்த வேலையைப் பற்றித்தான் பேச வந்தேன். தெருவை அப்படி எடுத்துப் போட்டிக்கு அனுப்புகிறீர்கள், பரிசு வாங்குகிறீர்கள். வாங்குங்கள். ஆனால் ஒருநாள் அந்தப் படத்தை எவனாவது மேஜையில் விரித்து, இதில் இருப்பதுதான் ஊரில் இருக்கிறது, இதில் இல்லாதது ஊரிலும் இல்லை என்று சொல்வான். அன்றைக்கு எடுத்தவன் என்ன சொல்ல வேண்டும் என்பது எந்த வகுப்பிலும் வராது. எனக்கு அந்த நாள் வந்தது.

படங்களை அடுக்குவது ஒன்றும் நீங்கள் கண்டுபிடித்ததல்ல. பிலிம் காலத்திலேயே மணப்பெண்ணைக் கண்ணாடிக் கோப்பைக்குள் உட்கார வைத்தோம். கோபுரத்துக்கு மேல் மேகத்தில் மாப்பிள்ளை தலையை மிதக்க விட்டோம். கேமராவுக்குள் ஒரே பிலிமில் இரண்டு தடவை வெளிச்சம் விட்டால் முடிந்தது வேலை. கண்றாவியாக இருக்கும். ஆனால் பெண் எப்படிக் கோப்பைக்குள் போனாள் என்று எந்தச் சம்பந்தியும் கேட்டதில்லை. பார்க்கிறவனுக்கும் தெரியும், எடுத்தவனுக்கும் தெரியும். இப்போது ஒட்டு தெரிவதில்லை. ஒட்டு தெரியாத படத்தை ஜனங்கள் ஒரே நொடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதிகாரிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிலர் தெரிந்தே அப்படி நினைக்கிறார்கள்.

நடந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வரும். அங்கேதான் ஸ்டூடியோ வைத்திருந்தேன், அங்கேதான் இன்னும் வீடு. கடைத்தெருவை அகலப்படுத்தி, தெருவில் உட்கார்ந்து விற்பவர்களுக்கென்று ஒரு புதுக் கொட்டகை கட்டப் போவதாக நகராட்சியில் சொன்னார்கள். திட்டம் போட்டுத் தர ஒரு தனியார் கம்பெனி வந்திறங்கியது. அதிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் என்னைத் தேடி வந்தான். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசுவான்.

"சார், தெரு முழுசா ஒரே படத்துல வேணும். சுவர், சாக்கடை, போஸ்ட், ஷட்டர் எதுவும் மறையக் கூடாது. ஆளு, வண்டி, பஸ் எதுவும் குறுக்க வரக் கூடாது."

"அந்தத் தெருவுல ஆளே இல்லாம வேணும்னா ஊரடங்கு போடச் சொல்லுங்க தம்பி."

"அடுக்கி எடுத்துருங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, காலை முழுவதும் விட்டு விட்டுப் படம் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடுக்க வேண்டும். அது ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, பெரும்பாலான படங்களில் இந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்கும். பெரும்பாலும் இருந்ததை வைத்துக்கொள்ளும், வந்துபோனதைத் தூக்கி எறியும். பஸ் போய்விடும். சைக்கிள் போய்விடும். நடப்பவன் போய்விடுவான். தெரு மட்டும் நிற்கும். சாக்கடை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது. அவன் கேட்டது நியாயமான வேலை, நான் அதை ஒழுங்காகச் செய்தேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

ஸ்டாண்டை வைத்தது பஷீர் பாயின் ஜவுளிக்கடை எதிரில் தெரியும்படி, கொஞ்சம் தள்ளி ஒரு மொட்டைமாடியில். பாய்க்குப் பூர்வீகம் அதிராம்பட்டினம். வளைகுடாவில் கொஞ்ச காலம் உழைத்துவிட்டு வந்து எங்கள் ஊரில் கடை போட்டவர். வாய் ஓயாத மனுஷன். "என் போர்டு நல்லா விழணும் சார், மத்தவன் போர்டு மங்கினாப் பரவால்ல" என்று சொல்லி டீ அனுப்பினார்.

கீழே காலைச் சந்தை. அவர் கடையை ஒட்டிச் சாக்கு விரித்து உட்காருகிறவள் செல்வராணி. படுகைத் தோட்டங்களிலிருந்து வாழைப்பூ, வாழைத்தண்டு, கீரை எடுத்து வந்து விற்பாள். நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள், நடவு மெஷின் வந்த பிறகு அன்னக்கூடையைத் தூக்கினாள். புருஷன் இல்லை. அவளையும் சேர்த்து அந்த வரிசையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருப்பார்கள்.

நான் மேலே கேமராவை நிறுத்தியதும் கீழே ஒரு சலசலப்பு. செல்வராணி அண்ணாந்து பார்த்தாள். முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். சாக்கைச் சுருட்டிக் கூடையைத் தலையில் ஏற்றி எதிர்ப்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பாத்திரக்கடை ஓரம். அப்புறம் சந்து முனை. மற்றப் பெண்களும் உட்காருவதும் எழுவதும் இடம் மாறுவதுமாக இருந்தார்கள். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று கால் ஸ்டாண்டு என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம், நிலம் அளக்கிறவன் வந்திருக்கிறான். அளந்தால் அடுத்து ஜேசிபி வரும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வந்திருக்கிறது. அளக்கிற அன்றைக்கு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாயோ அந்த இடம் ஆக்கிரமிப்பு என்று பதிவாகும், ஆகவே எந்த இடத்திலும் உட்காராதே. தெருவில் பிழைக்கிறவர்கள் அடி வாங்கிப் படித்த பாடம் அது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்தப் பாடம் தப்பாகப் போனது. அந்த ஒரு தடவை அன்றைக்கு.

அவர்கள் நகர நகர என் படம் சுத்தமாகிக்கொண்டு வந்தது.

படம் பிரமாதமாக வந்தது. மழை கழுவிவிட்ட மாதிரித் தெரு. சாக்கடை மூடி ஒவ்வொன்றையும் எண்ணலாம். அசையாமல் இருந்தவை எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. டீக்கடை பெஞ்சு, இஸ்திரி வண்டி, செருப்புத் தைக்கிறவரின் குடை. டயர் போய்த் தார்ப்பாய் கட்டிக் கிடந்த ஒரு தள்ளுவண்டியும் இருந்தது. அந்த வண்டிக்காரன் வியாபாரத்தை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வெகுநாள் ஆகிறது. கரண்ட் போஸ்டுக்குக் கீழே பால்காரரின் மாடு படுத்திருந்தது. அசை போட்டதில் வாய் மட்டும் கொஞ்சம் கலங்கலாக விழுந்திருந்தது. அது போட்ட சாணிகூடப் பளிச்சென்று இருந்தது.

படத்தைக் கொடுத்தேன், கூலியை வாங்கினேன், மறந்துவிட்டேன்.

கொஞ்ச மாதம் கழித்துக் கொட்டகையில் யாருக்கு இடம் என்று முடிவு பண்ணினார்கள். தெருவில் இறங்கி, ஒவ்வொருவரிடமும் பேசி முடிவு பண்ணியிருக்க வேண்டும். பேச ஆள் வந்ததாம், மத்தியானம் வந்ததாம். காலைச் சந்தைக்காரி மத்தியானம் எங்கே இருப்பாள்? ஆகவே நகராட்சி ஆபீசில் என் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு விரித்து, தெருவில் உட்கார்ந்திருப்பவை எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்கள். வட்டம் விழுந்தால் கொட்டகையில் இடம். இஸ்திரி வண்டிக்கு வட்டம். குடைக்கு வட்டம். ஓட்டை வண்டிக்கும் வட்டம். மாட்டுக்குத்தான் போடவில்லை.

செல்வராணி ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறாள். உன்னைக் காணோமே என்று படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து நேராக என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கூடையை வாசலில் இறக்கினாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நான் எங்க?"

படத்தைத் திறந்தேன். திரையில் விரலை வைத்துத் தெரு நெடுகத் தேடிக்கொண்டே போனாள்.

"இந்தா, பால்காரர் மாடு. நான் கீரைத்தண்டு போட்டா வந்து திங்கிற மாடு. அது படுத்திருக்கு. போட்டவளக் காணோம்."

அடுக்கின விதத்தைச் சொன்னேன். நகர்ந்தவை எல்லாம் கலைந்துபோகும் என்று சொன்னேன்.

"அப்ப ஓடுனவ எல்லாம் இல்லாதவளா? குந்திக்கிட்டு அடி வாங்குனாத்தான் படத்துல விழுவோமா?"

"தெருவ அளக்க எடுத்த படம்மா இது. ஆளக் கணக்கெடுக்க எடுத்தது இல்ல."

"அத அவங்கள்ட்ட போயி சொல்லுங்க."

அடுக்குவதற்கு முன்னால் எடுத்த தனித்தனிப் படங்கள் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். ஒன்றில் எதிர்ப்பக்கம், ஒன்றில் சந்து முனையில், ஒன்றில் கூடையோடு நடுரோட்டில். முகம் தெரியவில்லை, முந்தானைதான் தெரிந்தது. ஆனால் அந்தக் கூடையும் சேலையும் நடையும் அவள்தான். பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"இதுலேந்து என்னய எடுத்து, அந்தப் பெரிய படத்துல, பாய் கடையோரம் உக்கார வச்சுக் குடுங்கண்ணே."

"அது கூடாதும்மா."

"ஏன் கூடாது? செத்துப்போன அப்பன மக கல்யாணப் போட்டோவுல நிக்க வச்சுக் குடுக்குறீங்க. என் நாத்தனா வீட்டுலயே மாட்டியிருக்கு. உசுரோட இருக்கிறவள உக்கார வைக்க முடியாதா?"

முடியும். அரை மணி நேர வேலை. அவள் அங்கே உட்காருகிறவள் என்பதும் உண்மை. பொய்ப் படம் போட்டுத்தான் அந்த உண்மையைக் காட்ட முடியும் என்கிற நிலை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். சீக்கிரம் பதில் சொல்கிறவனை நான் நம்ப மாட்டேன்.

"ஒட்டினது கண்டுபுடிச்சாங்கன்னா இந்தத் தனிப் படத்தையும் பொய்ம்பாங்க. இதுல நீ மட்டும் இல்ல, அத்தன பேரும் இருக்காங்க. எல்லாரு பொழப்பும் போயிரும்" என்றேன்.

"அவங்க வந்து கேட்டாங்களா? நான்தான வந்து நிக்கிறேன்."

"தனிப் படத்தோட நானே ஆபீசுக்கு வரேன். நானே சொல்றேன்."

"சொன்னாக் குடுத்துருவாங்களா?"

"குடுப்பாங்க" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

நான் போய்ச் சொன்னதும் ஆபீசில் ஒரு நாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதிகாரி, பக்கத்தில் அந்த இன்ஜினியர், எதிரே நான். பஷீர் பாய் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் எல்லாம் வராந்தாவில். மேஜையில் என் படம், வட்டங்களோடு.

இன்ஜினியர்தான் ஆரம்பித்தான். "சார், இந்தப் படத்துல நீங்க எதையாவது அழிச்சீங்களா? ஆமா, இல்ல, அத மட்டும் சொல்லுங்க."

நன்றாகக் கவனியுங்கள். அழித்தேனா? ஒரு புள்ளியைக்கூட நான் கைவைத்து அழிக்கவில்லை. "இல்லை" என்பது சத்தியமான பதில். அதைச் சொல்லிவிட்டு எழுந்தால் என் பேருக்கும் பங்கமில்லை, அடுத்த வேலையும் எனக்குத்தான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லி உங்களை மிரட்டுவார்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியே தப்பான கேள்வியாக இருக்கும்.

"இல்ல. ஆனா நடந்தவங்க யாரும் இந்தப் படத்துல இருக்க மாட்டாங்க" என்றேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"இதுதாங்க பதில். இந்தத் தெரு இப்படி ஒரு நொடிகூட இருந்ததில்ல. காலைல இருந்ததப் பூரா அடுக்கி, நகர்ந்ததெல்லாம் கலைச்ச படம் இது. சாக்கடைய அளக்கலாம். ஆள் இல்லன்னு சொல்றதுக்கு இத வச்சுக்க முடியாது. இந்தத் தம்பிக்கும் அது தெரியும், இவரு கேட்டுத்தான் அப்படி எடுத்தேன்."

இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டான். பஷீர் பாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அந்தப் பொம்பள என் கட வாசல்ல உக்காருதுன்னு தினம் சண்ட போட்டிருக்கேன். இத்தன வருஷமா இல்லாத ஆளோடயா சண்ட போட்டேன்? நான் என்ன பைத்தியமா?"

வராந்தாவில் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "பாய், உங்க சண்டைக்கெல்லாம் நான் வட்டம் போட முடியாது" என்றார்.

"அந்த ஓட்ட வண்டிக்குப் போட்டிருக்கீங்களே? அவன் திருப்பூர்ல பனியன் மடிக்கிறான்."

"வண்டி இருக்குல்ல?"

தனிப் படங்களைக் காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும். இரண்டு பெண்கள் எழுந்து எழுந்து போனாலும் திரும்பத் திரும்பப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு மூட்டுவலி, தூரமாகப் போக முடியாது. இன்னொருத்திக்குப் பூ வாடிக்கை அந்த முனையில்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் வட்டம் போட்டார். செல்வராணி முறை வந்தது.

"இந்தம்மா ஒரு படத்துல இருந்த எடத்துல இன்னொரு படத்துல இல்லையே?"

இன்ஜினியர் உதவி செய்வதாக நினைத்துத்தான் அதைச் செய்தான். தன் லேப்டாப்பில் என் படங்களை வேறு விதமாக அடுக்கினான். வந்துபோனதைத் தள்ளாமல், எல்லாவற்றையும் ஒரே தெருவில் சேர்த்து வைக்கும் அடுக்கு. திரையைத் திருப்பினான். தெரு முழுக்கச் செல்வராணி. பாத்திரக்கடையில் ஒருத்தி, சந்தில் ஒருத்தி, நடுரோட்டில் மூன்று பேர். என் படத்தில் அவள் இல்லவே இல்லை, அவன் படத்தில் தெருவே அவள்தான். இரண்டு படத்திலும் யாரும் எதையும் அழிக்கவில்லை, எதையும் ஒட்டவில்லை.

"நிறுத்துங்க தம்பி, இது அதவிட மோசம்" என்று கத்தினேன்.

அதிகாரி பார்த்துவிட்டார். "என்னங்க இது, ஒரே ஆளு தெருவையே அடைச்சிருக்காங்க?" என்றார். பிறகு வராந்தாவைப் பார்த்து, "ஏம்மா, நீ எந்த எடத்துல உக்காருற? நான் எந்த எடத்துல வட்டம் போட?" என்று கேட்டார்.

"பாய் கடையோரங்க."

"அங்க நீ உக்காந்த மாதிரி ஒரு படம்கூட இல்லையேம்மா."

அது உண்மை. முதல் படம் எடுப்பதற்கு முன்னாலேயே அவள் எழுந்துவிட்டாள். அந்த வரிசையிலேயே கெட்டிக்காரி அவள்தான். ஆபத்து வருவதை முதலில் பார்த்தவள், யார் கையிலும் சிக்காமல் நகர்ந்தவள். அதனாலேயே அவள் இடம் போனது. அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய் சொல்றாருல்லங்க, அதை எடுத்துக்கங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். படம் இருக்கிற மேஜையில் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. அந்த மேஜைக்குப் படத்தைக் கொண்டுபோனவனே நான்தான்.

கொட்டகை திறந்தாயிற்று. ஓட்டை வண்டிக்கு விழுந்த இடத்தைத் திருப்பூர்க்காரன் உள்வாடகைக்கு விட்டிருக்கிறான். அங்கே போன் கவர் தொங்குகிறது. மூட்டுவலிக்காரி உட்கார்ந்திருக்கிறாள், பூக்காரி உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுக்கிய படத்தைக் கொடுக்கும்போது, இது எந்தக் கேள்விக்கு எடுத்தது என்று படத்தின் மேலேயே எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் வேண்டாம், வெட்டி எறிந்துவிடுவான். தனிப் படங்களைக் கேட்காவிட்டாலும் கூடவே கொடுங்கள். வேலைக்குப் போகும் இடத்தில் கீழே ஜனங்கள் ஏன் இப்படி நகர்கிறார்கள் என்று தோன்றினால், இறங்கிப் போய்க் கேளுங்கள். மாடியிலிருந்து கீழே வர இரண்டு நிமிஷம் ஆகாது. இறங்கியிருந்தால், "அம்மா, இது இடிக்கிறதுக்கு இல்ல, உக்காருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இடம் கொடுக்கவும் இதே படத்தைத்தான் விரிப்பார்கள் என்று எனக்கே அன்றைக்குத் தெரியாது. அதையும் அந்த இன்ஜினியரிடம் கேட்டிருந்தால்தான் தெரிந்திருக்கும்.

ஒட்டிக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு பையன் போன வாரம் என்னிடம் கேட்டான். இன்றைக்கு வந்து கேட்டாலும் ஒட்ட மாட்டேன். ஒட்டியிருந்தால் தனிப் படங்களை வெளியே எடுத்திருக்க முடியாது, அந்த இரண்டு பேருக்கும் கிடைத்திருக்காது, செல்வராணிக்குக் கிடைத்தாலும் கிடைத்திருக்கும். இதில் எது சரி என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். எடுத்த முடிவோடு அதே ஊரில் குடியிருக்கத் தெம்பு இருந்தால் இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.

செல்வராணி இப்போது தெருத் தெருவாகக் கூடையைத் தூக்கிப் போய் விற்கிறாள். காலையில் எங்கள் தெருவுக்கும் வருவாள். "வாழப்பூ, தண்டு, கீரேய்" என்று முனையிலிருந்தே குரல் கேட்கும். கணீரென்ற குரல். பக்கத்து வீடு வரைக்கும் கூவிக்கொண்டே வருவாள். என் வீட்டு வாசலைத் தாண்டும்போது வாயை மூடிக்கொள்வாள், செருப்புச் சத்தம் மட்டும் வரும். அடுத்த வீட்டு வாசலில் மறுபடியும் ஆரம்பிப்பாள்.